டேங்கர் கவிழ்ந்தால் கிட்டே ஓடாதீர்கள், போர்டில் உள்ள நம்பரைப் படியுங்கள்

நம் ஊரில் லாரி கவிழ்ந்தால் இரண்டு கூட்டம் ஓடும். ஒன்று டிரைவரை வெளியே இழுக்க, இன்னொன்று சரக்கை அள்ள. தக்காளி லாரி என்றால் போகட்டும், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஓட்டத்தை டேங்கர் லாரியைப் பார்த்தும் ஓடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

எனக்கும் அந்தப் புத்தி இருந்ததுதான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பைபாஸில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு டேங்கர் சாய்ந்து நின்றது, அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. ரேடியேட்டர் கொதித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, உதவலாமே என்று நேராகப் பக்கத்தில் போய் நிறுத்தினேன். தூரத்தில் வயலுக்குள் நின்ற கிளீனர் பையன் தொண்டை கிழியக் கத்தினான்: "அண்ணே, கிட்ட போகாதீங்க, ஆசிட்!" அவன் கத்தி முடிப்பதற்குள் ஒரு மூச்சு உள்ளே போய்விட்டது. மூக்கிலிருந்து நெஞ்சு வரை மிளகாயை அரைத்துத் தடவியது மாதிரி எரிச்சல், கண்ணைத் திறக்க முடியவில்லை, பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு நாள் குரலே வரவில்லை. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அந்த லாரியின் பின்னால் 1789 என்று பெரிதாக எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நூறு அடி முன்னாலேயே அதைப் படித்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது மறக்கவே மறக்காது, பிரெஞ்சுப் புரட்சி நடந்த வருடம் என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் உள்ள முதல் பத்து இருபது நிமிடம் டிரைவர், கிளீனர், வழியில் போகிறவர்கள், பக்கத்து டீக்கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் தூரம், அதற்கு முன்னால் காற்று

டேங்கர் கவிழ்ந்து கிடப்பது கண்ணில் பட்டதும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போய் என்னவென்று பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். நிறுத்தியதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். மரக்கிளை, கடை வாசலில் கட்டிய பேனர், கொடியில் காயும் துணி, டீக்கடைப் புகை, எது கிடைத்தாலும் போதும். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி மண்ணை எடுத்து மேலிருந்து விட்டுப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் பட்டு லாரியை நோக்கிப் போனால் நீங்கள் சரியான பக்கத்தில் நிற்கிறீர்கள். லாரியிலிருந்து உங்கள் முகத்துக்கு வந்தால் தப்பான பக்கம். அப்போது காற்று போகிற திசையிலேயே முன்னால் ஓடாதீர்கள், கேஸும் அதே வழியில்தான் துரத்திக்கொண்டு வரும், காற்றின் வேகத்தை நம் காலால் ஜெயிக்க முடியாது. காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகுங்கள். முடிந்தால் மேட்டுப்பக்கம். பள்ளம், ஓடை, சாலையோரக் குழி, சப்வே எல்லாம் கனமான ஆவி போய்த் தேங்குகிற இடங்கள்.

எவ்வளவு தூரம்? கையை நேராக நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை நிமிர்த்திப் பாருங்கள். விரலின் அகலத்துக்குள் லாரி மொத்தமும் மறைய வேண்டும். 15 மீட்டர் நீளமுள்ள டேங்கர் அப்படி மறைய வேண்டுமானால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். கணக்குக்காரர்களுக்கு இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து வெளியிடும் அவசரக் கையேடு ஒன்று உண்டு, மொபைல் ஆப்பாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன்படி பெட்ரோல் கசிந்தால் குறைந்தது 50 மீட்டர், நிறையக் கொட்டிவிட்டால் காற்று போகிற பக்கம் 300 மீட்டர், டேங்கர் தீப்பிடித்துவிட்டால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர். எல்.பி.ஜி. டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் 1,600 மீட்டர், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். செல்பி எடுக்கிறவர்கள் நிற்கிற தூரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் மாட்டிக்கொண்டால் வேறு கதை. 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூரில் யு டர்ன் எடுத்த ஒரு எல்.பி.ஜி. டேங்கர் மீது லாரி மோதி, கேஸ் கசிந்து பற்றிக்கொண்டது. முன்னும் பின்னும் நின்ற பஸ், கார், லாரி என்று முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்துபோயின. முன்னால் வெள்ளைப் புகைமூட்டம் தரையோடு தரையாகப் பரவி வருவதைப் பார்த்தால் இன்ஜினை நிறுத்துங்கள், மறுபடி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் காற்றுக்குக் குறுக்கே நடந்துவிடுங்கள். கார் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது. இன்னொன்று, அந்த வெள்ளைப் புகை தெரிகிற இடத்தோடு கேஸ் முடிந்துவிடுவதில்லை. குளிரில் காற்றின் ஈரம் உறைந்துதான் அப்படி வெள்ளையாகத் தெரிகிறது, பற்றக்கூடிய கேஸ் அதைத் தாண்டியும் பரவியிருக்கும்.

போர்டு என்ன சொல்கிறது

ஆபத்தான ரசாயனம் ஏற்றிய லாரியின் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒரு தகவல் பலகை இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. சரக்கின் பெயர், அந்தச் சரக்கை அடையாளம் காட்டும் நான்கு இலக்க யு.என். (ஐக்கிய நாடுகள்) நம்பர், சாய்சதுர வடிவில் ஆபத்துக் குறி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர், இவ்வளவும் அதில் இருக்கும். இருக்க வேண்டும். சேறு அப்பி, பெயின்ட் உரிந்து, பாதி நம்பர் போன லாரிகளையும் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் படிக்க முடியாவிட்டாலும் அந்த நாலு இலக்கம் கிடைத்தால் போதும். உலகம் முழுக்க ஒரே நம்பர்தான். கிட்டே போகாமல் படிக்கச் சுலபமான வழி, மொபைல் கேமராவை ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. ஆவியோ புகையோ சூழ்ந்த இடத்துக்கு வெளியே நின்றுகொண்டு செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ரோடுகளில் அடிக்கடி கண்ணில் படும் நம்பர்களைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223. எல்.பி.ஜி. 1075. அமோனியா 1005, குளோரின் 1017. சல்ஃப்யூரிக் ஆசிட் 1830, நைட்ரிக் ஆசிட் 2031, என் பழைய நண்பர் ஹைட்ரோகுளோரிக் 1789. காஸ்டிக் சோடா கரைசல் 1824, மெத்தனால் 1230. மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, போனில் ஒரு நோட்டாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பர் தெரியவில்லை, குறி மட்டும்தான் தெரிகிறது என்றால் நிறத்தைப் பாருங்கள். சிவப்பில் தீ ஜுவாலை என்றால் பற்றிக்கொள்ளும். வெள்ளையில் மண்டை ஓடு என்றால் விஷம். மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு, அந்த வெள்ளையில் கையும் உலோகமும் அரிக்கப்படுவது போன்ற படம் என்றால் ஆசிட், காஸ்டிக் வகை. மஞ்சள் என்றால் தானாக எரியாவிட்டாலும் மற்றதை எரியவைக்கும். நீலம் அபூர்வம், ஆனால் பார்த்தால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, தண்ணீர் பட்டால் எரிகிற வாயுவை வெளியிடும் சரக்கு அது.

பலகையில் ஹேஸ்கெம் கோடு என்று இன்னொன்றும் இருக்கும், பெட்ரோலுக்கு 3 என்ற எண்ணும் அதையடுத்து ஒய், ஈ என்ற இரண்டு எழுத்துகளும். இது தீயணைப்புக்காரர்களுக்கானது. முதல் எண், எதை வைத்து அணைப்பது என்பது: 1 என்றால் தண்ணீர் பாய்ச்சல், 2 என்றால் பனி போன்ற தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்ந்த பொருள், தண்ணீர் கூடாது. எழுத்துகள், என்ன உடை போடுவது, கொட்டியதைக் கழுவி விடலாமா தடுத்து நிறுத்த வேண்டுமா என்று சொல்பவை. நமக்கு இரண்டே இரண்டு போதும் என்பேன். 4 இருந்தால் தண்ணீர் ஊற்ற நினைக்கிறவரின் கையைப் பிடியுங்கள். கடைசியில் ஈ இருந்தால் சுற்றுவட்டார மக்களை வெளியேற்ற வேண்டி வரலாம், அதனால் பக்கத்துத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உடனே ஆள் அனுப்புங்கள்.

போனில் என்ன சொல்வது

112 அல்லது 101. கேஸ் டேங்கர் என்றால் 1906-க்கும், அது எல்.பி.ஜி. கசிவுக்கென்றே இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிற எண். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எல்லாவற்றையும் நீங்களே கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கூட இருக்கிற நாலு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

பெரும்பாலான அழைப்புகள் "சார், இங்க லாரி கவுந்திருச்சு, சீக்கிரம் வாங்க" என்று ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடுகின்றன. எங்கே, எந்த லாரி என்று எதிர்முனையில் கேட்டுக் கேட்டே இரண்டு நிமிடம் போய்விடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், பெருந்துறை தாண்டி கோயம்புத்தூர் போற சைடுல டேங்கர் லாரி கவுந்திருக்கு. பின்னாடி போர்டுல 1005-னு போட்டிருக்கு, ஒண்ணு, சைபர், சைபர், அஞ்சு. வெள்ளையா புகை வருது, தீ இல்ல. காத்து ஊர்ப்பக்கமா அடிக்குது, அங்க ஒரு ஸ்கூல் இருக்கு. டிரைவர் கேபின்ல மாட்டியிருக்கார், அசையுறார். நாங்க மேற்கால அரை கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்க்குக்கு முன்னாடி நிக்கிறோம்."

அரை நிமிடம்கூட ஆகாது. வருகிறவர்களுக்கு மூச்சுக்கருவி வேண்டுமா, நுரை வேண்டுமா, எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கல் கண்ணில் பட்டால் அதையும். நீங்கள் நிற்கிற இடம் பெட்ரோல் பங்க் என்றால், மோட்டார்களை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு நீங்களும் இடம் மாறுவது நல்லது. உதாரணத்துக்காகத்தான் பங்க்கைப் போட்டேன்.

மாட்டிக்கொண்ட டிரைவரை விட்டுவிட்டு நிற்பதா என்ற கேள்வி வரும். மனசு கேட்காது, புரிகிறது. டீசல் மட்டும், தீ இல்லை, நெடியில் தலை சுற்றவில்லை என்றால் காற்று முதுகில் படும்படி போய் இழுத்துவிட்டு உடனே வரலாம். அமோனியாவோ குளோரினோ என்றால், மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போகிறவர் இரண்டாவது பிணம். காப்பாற்றப் போனவரையும் சேர்த்துத் தூக்க வேண்டிய நிலைமைதான் வரும். சட்டச் சிக்கல் வருமே என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: விபத்தில் உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

கேஸ் டேங்கர்

தென்னிந்தியாவில் ஓடுகிற கேஸ் டேங்கர்களில் பெரும்பகுதி நாமக்கல் வண்டிகள். அந்த நீள உருளையைப் புல்லட் என்பார்கள், ஒன்றில் 18 டன் வரை எல்.பி.ஜி. இருக்கும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ என்று ஞாபகம் வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், ஆயிரத்து இருநூறு சிலிண்டருக்கு மேல் வருகிறது. திரவம் வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு பெருகி வாயுவாகும், காற்றைவிடக் கனம், அதனால் மேலே போகாமல் தண்ணீர் போல வழிந்து சாக்கடைக்குள்ளும் பள்ளத்து வீடுகளுக்குள்ளும் இறங்கும்.

2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் பக்கத்தில் சாலா என்ற இடத்தில் நடந்தது இதுதான். டிவைடரில் மோதிக் கவிழ்ந்த டேங்கரிலிருந்து கேஸ் பரவிப் பற்றியதில் இருபது பேர் வரை இறந்தார்கள், அதில் பலர் சாலையோர வீடுகளில் இருந்தவர்கள். லாரிக்குப் பக்கத்திலேயே அவர்கள் போகவில்லை.

ஆகவே பக்கத்தில் வீடு இருப்பவர்கள் அடுப்பை, விளக்கை, ஊதுபத்தியை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். நெடி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதென்றால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். ஃபிரிட்ஜ் தானாக ஆன் ஆகும்போதும் பொறி வரும், அதனால் மெயினை வீட்டுக்கு வெளியே எட்டத்திலிருந்து நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி அந்தப் பகுதி லைனையே துண்டிக்கச் சொல்வது இன்னும் நல்லது. பைக்கில் தப்பிக்க நினைக்காதீர்கள், கிக்கர் உதைக்கிற அந்த ஒரு பொறி போதும். நடந்தே போங்கள்.

தீ எரிந்துகொண்டே இருக்கிறது, வால்விலிருந்து சீறிக்கொண்டு வருகிறது என்றால் அணைக்க முயலக் கூடாது. கேட்க விநோதமாக இருக்கும். வால்வை அடைக்க முடியாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் தொடர்ந்து வெளியேறி ஊருக்குள் போய் வேறெங்கோ பற்றும். எரிகிற கேஸ் இருக்கிற இடம் தெரிகிறது, எரியாத கேஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாது. தீயணைப்புக்காரர்கள் தூரத்திலிருந்து டேங்கின் உடம்பைக் குளிர்விக்கத்தான் தண்ணீர் அடிப்பார்கள். சீறல் சத்தம் கூடிக்கொண்டே போனாலோ உருளையின் நிறம் மாறினாலோ நிற்காமல் விலகுங்கள். இரும்பு சூட்டில் தளர்ந்து உருளை பிளந்தால் நெருப்பு உருண்டையே மேலே எழும்பும், துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். தீ சூழ்ந்த பிறகு அதற்குப் பத்து இருபது நிமிடமே போதும்.

பெட்ரோல், டீசல், அப்புறம் குடம்

2017 ஜூன் 25, பாகிஸ்தானில் ரம்ஜானுக்கு முந்தின நாள். பகவல்பூர் அருகே பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. குடமும் கேனும் எடுத்துக்கொண்டு ஊரே ஓடி வந்தது. பற்றியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இதைப் படிக்கும்போது "அவர்கள் அப்படி" என்று தோன்றினால், நம் பக்கத்தில் பாமாயில் லாரி கவிழ்ந்தபோது எடுத்த வீடியோக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோலில் பற்றுவது திரவமல்ல, அதன் மேலே தவழுகிற ஆவி. பீடி வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடத்தில் மொள்ளும்போது வருகிற நிலைமின்சாரம், தகரக் கேன் தார் ரோட்டில் உரசுவது, யாரோ பைக்கை ஸ்டார்ட் பண்ணுவது, ஏதாவது ஒன்று போதும். ஊர்ப் பெரியவர்கள், கடைக்காரர்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய உதவி, குடத்தோடு வருகிறவர்களைத் தூரத்திலேயே திருப்பி அனுப்புவதுதான். கெஞ்சியோ திட்டியோ, எப்படி முடியுமோ அப்படி.

டீசல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது என்பது உண்மை, ஆனால் பற்றினால் அடங்காது. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே சரக்கு ரயில் தடம்புரண்டு 18 டீசல் டேங்கர் பெட்டிகள் எரிந்த கறுப்புப் புகையைப் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எரியாமல் வெறுமே வழிந்தால், காற்று முதுகில் படும்படி நின்றுகொண்டு மண்ணைக் கொட்டி வரப்புப் போல் தடுக்கலாம், சாக்கடைக்கோ ஏரிக்கோ கிணற்றுக்கோ போகாமல். பெட்ரோலில் இந்த வேலைக்கு ஆள் போகக் கூடாது.

அமோனியாவும் குளோரினும்

இந்த இரண்டுக்கும் எல்.பி.ஜி.-க்குச் சொன்னதை அப்படியே திருப்பிப் போட வேண்டும், குழப்பம் வருவது இங்கேதான். எல்.பி.ஜி. என்றால் வீட்டைவிட்டு வெளியேறு. விஷ வாயு மேகம் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது, வெளியே போனால் அதற்குள்தான் போவோம் என்றால் வீட்டுக்குள்ளேயே இரு. கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ரோடு தெரியாத உள்ளறையில் உட்காருங்கள். மேகம் இன்னும் வரவில்லை, விலக நேரமிருக்கிறது என்றால் காற்றுக்குக் குறுக்கே விலகுவதுதான் மேல்.

அமோனியா மூக்கில் ஏறினால் சந்தேகமே வராது, முடிவெட்டும் கடை ஹேர் டையின் நெடியை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில் எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. அமோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும், அதனால் நனைத்த துண்டை மூக்கு, வாயில் கட்டிக்கொண்டு விலகுவது நிஜமாகவே கொஞ்சம் உதவும். அந்தத் துண்டை நம்பி உள்ளே போகத்தான் கூடாது. காற்றைவிட லேசான வாயு என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் டேங்கரிலிருந்து குளிர்ந்து பீறிடும்போது வெள்ளை மேகமாகத் தரையைப் பிடித்துக்கொண்டே போகும்.

குளோரின் காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனம், பச்சை கலந்த மஞ்சள். பெரும்பாலும் டேங்கரில் வராது, டன்னர் என்கிற 900 கிலோ உருளைகளில் குடிநீர் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மாடிக்கு ஏறிவிடுவது புத்திசாலித்தனம். கசிகிற உருளைமேல் நேரடியாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஈரமும் குளோரினும் சேர்ந்து இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். தெரிந்த ஆட்கள் வந்து ஓட்டை மேல்பக்கம் வரும்படி உருளையைத் திருப்பி வைப்பார்கள், திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வரட்டும் என்று. அதை நாம் முயல வேண்டாம்.

ஆசிட்

தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அடர்ந்த சல்ஃப்யூரிக் ஆசிட்டில் பக்கெட் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறித்து முகத்தில் அடிக்கும். தூரத்திலிருந்து காய்ந்த மண்ணால் வரப்புக் கட்டி ஓடைக்குப் போகாமல் தடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு போட்டு முறிக்கிற வேலையைத் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நைட்ரிக் ஆசிட் என்றால் மரத்தூள், வைக்கோல், சாக்கு எதையும் போடவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

மேலே பட்டவருக்கு

உடையைக் கழற்றுங்கள். முதல் வேலை இதுதான், நாம் கடைசியாகச் செய்வதும் இதுதான். ரோட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் ஆசிட்டில் நனைந்த சட்டையோடு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். நாலு பேர் சேலையையோ போர்வையையோ விரித்து மறைப்புப் பிடியுங்கள், உள்ளே கழற்றட்டும். தலைக்கு மேலே உருவாமல் கத்தரித்து எடுத்தால் முகத்தில் படாது. எல்.பி.ஜி. திரவம் பட்டு உறைந்து ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரால் தானாக விடட்டும்.

அப்புறம் தண்ணீர், குறைந்தது 15 நிமிடம், கண் என்றால் 20. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், எரிகிறவருக்கும் ஊற்றுகிறவருக்கும் 2 நிமிடமே பத்து நிமிடமாகத் தோன்றும். கண்ணைக் கழுவும்போது நல்ல கண் பக்கம் தண்ணீர் வழியாமல் தலையைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து ஊற்ற வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். பேஸ்ட், மஞ்சள், தேங்காயெண்ணெய், இங்க் எதுவும் வேண்டாம். உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும்.

குளோரின் மாதிரியான வாயுவை இழுத்தவர் "இப்ப பரவாயில்லண்ணே" என்று எழுந்து உட்காருவார். நம்பாதீர்கள். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும், கையில் அந்த நாலு இலக்க நம்பரை எழுதிக் கொடுத்து. டாக்டருக்கு "ஏதோ கேஸ்" என்பதைவிட 1017 எவ்வளவோ மேல்.

டிரைவர் அண்ணன்களுக்கு

மூன்று நாள் பயிற்சியில் எல்லாம் சொல்லியிருப்பார்கள், அதனால் மூன்றே மூன்று விஷயம். இன்ஜினையும் பேட்டரி சுவிட்சையும் நிறுத்திவிட்டு இறங்கும்போது சரக்கின் ஆபத்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் எழுதிய ட்ரெம் கார்டைக் கையோடு எடுத்து வாருங்கள், கேபினுக்குள் பத்திரமாக இருக்கிற கார்டால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை. அது ஜெராக்ஸின் ஜெராக்ஸாக எழுத்தே தெரியாமல் இருந்தால் லோடு ஏற்றும் இடத்திலேயே சண்டை போட்டு வேறு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. கையிலிருக்கும் தீயணைப்பான் டயரிலோ கேபினிலோ சின்னதாகப் பற்றினால் மட்டும்தான், சரக்கு பற்றிவிட்டால் போட்டுவிட்டு ஓடுங்கள். மூன்றாவது கொஞ்சம் கஷ்டமானது. அடிப்பார்கள் என்று பயந்து டிரைவர்கள் காணாமல் போவது எனக்கும் தெரியும், பயம் நியாயமானது. ஆனால் உள்ளே என்ன, எவ்வளவு, எந்த வால்வு பழுது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். கூட்டத்திலிருந்து விலகியே நில்லுங்கள், ஆனால் 112-க்கு நீங்களே பேசி, போலீஸ் வந்ததும் முன்னால் வாருங்கள்.

எப்போது வீட்டுக்குத் திரும்பலாம்

கசிவு நின்றதும் ஊர் திரும்ப ஆரம்பித்துவிடும். ஆனால் லாரியை நிமிர்த்துகிற நேரம்தான் இன்னொரு ஆபத்து, கிரேன் தூக்கும்போது அடைத்த வால்வு மறுபடி திறந்துகொள்ளலாம், இரும்பு உரசிப் பொறி வரலாம். 2025 ஜனவரி 3 விடியற்காலை கோயம்புத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் எல்.பி.ஜி.யோடு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றிலும் போக்குவரத்தை நிறுத்தி, அரை கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீர் அடித்துக்கொண்டே பல மணி நேரம் பொறுமையாக வேலை பார்த்து நிமிர்த்தினார்கள். பற்றவில்லை. காலியான டேங்கர் என்று சொன்னாலும் அதே எச்சரிக்கைதான், திரவம் போனாலும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும், வெல்டிங் பட்டறையில் வெடிப்பது முக்கால்வாசி இந்தக் காலி டேங்குகள்தான்.

தீயணைப்புத் துறையோ வருவாய்த் துறையோ போகலாம் என்று சொன்ன பிறகு போங்கள். போனதும் விளக்கைப் போடாமல் முதலில் எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து விடுங்கள், அரை மணி நேரம் வெளியிலேயே இருங்கள். மூடாமல் வைத்திருந்த சாப்பாடு, தண்ணீர், மாட்டுத் தொட்டியில் இருக்கிற தண்ணீர், நாய்க்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ரோட்டோரக் கிணறு, போர்வெல் தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் வரை குடிக்க வேண்டாம், ஆட்டையும் மாட்டையும் அந்தப் பக்கம் மேய விட வேண்டாம்.